பெஞ்ச்மார்க்குக்கு எந்த ரேண்டம் நம்பர்? மீன் ஏலக் கணக்கு டேட்டாபேஸில் சோதனை ஒன்று, நடப்பு ஒன்று

கச்சான்காற்று | மண்டபம் | இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் உள்ள சில மீன் ஏலக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறேன். படகு கரைக்கு வந்ததும் எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, யார் எடுத்தார், என்ன விலை என்று கடைப் பையன் போனில் தட்டுவான். எல்லாம் ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் சேரும். ஆறு வருடக் கணக்கில் ஏல டேபிளில் இப்போது சுமார் 20 லட்சம் ரெக்கார்டு இருக்கிறது.

போன மாதம் சர்வர் மாற்ற வேண்டி வந்தது. குறைந்த வாடகை மெஷின் தாங்குமா என்று பார்க்க நானே சி மொழியில் ஒரு சோதனை நிரல் எழுதினேன். 16 திரெட், அதாவது ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக ஓடும் 16 வேலைகள். ஒவ்வொன்றும் ரேண்டமாக ஒரு ரெக்கார்டைப் படிக்கும், புதிதாக ஒரு ஏலத்தை எழுதும், ஏதாவது ஒரு கடையின் 'இன்றைய மொத்தம்' வரியைக் கூட்டும். முடிவு பிரமாதமாக இருந்தது. நம்பி மாற்றிவிட்டேன். விசைப்படகுகள் கரை வந்த முதல் நாள் காலையிலேயே ஒரு ஏலம் பதிய நான்கு வினாடி எடுத்தது. மீன் தரையில் கிடக்கிறது, வியாபாரி அடுத்த கூடைக்குப் போய்விட்டார், பையன் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். கடைக்காரரிடம் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

நிரலில் ரேண்டம் எண் எடுக்க சி-யோடு வரும் சாதாரண ரேண்ட் தான் போட்டிருக்கிறேன். அது மட்டமான ஜெனரேட்டர் என்று படித்தேன். அதனால்தான் சோதனை தப்பானதா? இந்த மாதிரி வேகச் சோதனைக்கு, அதாவது பெஞ்ச்மார்க்குக்கு, எந்த ஜெனரேட்டர் சரி?

தொண்டி_அலை | இரவு 9:31

மெர்சென் ட்விஸ்டர் போடுங்கள் அண்ணே. 1998-ல் மட்சுமோட்டோ, நிஷிமுரா வெளியிட்டது. எண் வரிசை திரும்ப முதலிலிருந்து வர எடுக்கும் சுழற்சி 2-இன் 19937-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. எங்கள் கல்லூரியில் அதுதான் சொல்லிக் கொடுத்தார்கள். பைத்தானில் ரேண்டம் என்று கேட்டாலும் அதுதான் வருகிறது.

தேவிபட்டினத்துக்காரி | இரவு 9:48

தம்பி, ஜெனரேட்டர் பெயரை அப்புறம் பார்ப்போம். இரண்டு கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். நிரலை எந்த மெஷினில் கம்பைல் செய்தீர்கள்? ரேண்ட் தரும் எண்ணை ரெக்கார்டு எண்ணாக மாற்றும் வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

கச்சான்காற்று | இரவு 9:55

விண்டோஸ் லேப்டாப் அக்கா, விஷுவல் ஸ்டூடியோ. ரேண்ட் தரும் எண்ணை 20 லட்சத்தால் வகுத்து மீதியோடு ஒன்று கூட்டுகிறேன். சீடு, அதாவது ரேண்டுக்குக் கொடுக்கும் தொடக்க எண், நிரல் தொடங்கும் மெயினில் ஒரே ஒரு தடவை, நேரத்தை வைத்துப் போட்டிருக்கிறேன்.

தேவிபட்டினத்துக்காரி | இரவு 10:26

நினைத்தேன். இரண்டு தப்பு இருக்கிறது. இரண்டும் சத்தம் போடாத தப்பு.

ஒன்று. அந்தக் கம்பைலரில் ரேண்ட் தரக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. சி மொழியின் தரநிலை கேட்கும் குறைந்தபட்சமும் அதுதான். 32,767-ஐ 20 லட்சத்தால் வகுத்தால் மீதி அதே எண். ஆக உங்கள் நிரல் 1 முதல் 32,768 வரை உள்ள ரெக்கார்டுகளை மட்டுமே தொட்டிருக்கிறது. மிச்சம் பத்தொன்பதரை லட்சத்துக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தது. எண் வரிசையாக ஏறுவதால் அந்த 32,768 ரெக்கார்டும் ஆறு வருடத்துக்கு முந்தைய முதல் சில வாரத்து ஏலம். ஒரு ரெக்கார்டு 200 பைட் என்று வைத்தால் மொத்தம் ஆறரை எம்பி. போஸ்ட்கிரஸ் படித்ததை மெமரியில் வைத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர் ஒன்றும் மாற்றாமல் விட்டாலே 128 எம்பி. முழு டேபிளோ 400 எம்பி, ரெக்கார்டைத் தேட உதவும் இண்டெக்ஸ் தனி. அதாவது டிஸ்க்கிலிருந்து படிப்பதை நீங்கள் சோதிக்கவே இல்லை. ஒரு ஓரத்தை எடுத்து மெமரியில் வைத்து அதையே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறீர்கள்.

இரண்டு. அங்கே ரேண்டின் நிலை, அதாவது எண் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்ற நினைவு, திரெட்டுக்குத் திரெட் தனி. மெயினில் போட்ட சீடு மெயினோடு நின்றுவிடும். மற்ற திரெட்டுகள் எல்லாம் சீடு 1 போட்டது போலத் தொடங்கும். 16 திரெட்டும் ஒரே வரிசையில் ஒரே எண்களைக் கேட்டிருக்கும். முதலில் போகிறவன் டிஸ்க்கிலிருந்து எடுத்து வைப்பான், பின்னால் வரும் பதினைந்து பேருக்கும் மெமரியிலேயே கிடைக்கும்.

நம்பவில்லை என்றால், எடுத்த எண்களை ஒரு கோப்பில் எழுதி, வேறுபட்ட எண்கள் எத்தனை, மிகப் பெரியது எது என்று பாருங்கள். எந்தப் பெஞ்ச்மார்க்கிலும் நான் முதலில் செய்வது இதுதான்.

கச்சான்காற்று | இரவு 11:40

பார்த்துவிட்டேன் அக்கா. ரொம்ப நேரம் ஓடவிட்டேன். வேறுபட்ட எண்கள் 32,768. மிகப் பெரியது 32,768. முதல் திரெட்டின் கோப்பும் ஒன்பதாம் திரெட்டின் கோப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றன. கை நடுங்கிவிட்டது. இதை நம்பித்தான் கடைக்காரர்களிடம் வாக்குக் கொடுத்தேன்.

வாலிநோக்கம்_உப்பு | காலை 6:15

இது உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. நான் ஜாவாவில் இதற்குத் தம்பி மாதிரி ஒரு தப்பைச் செய்திருக்கிறேன். ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி ரேண்டம் வைத்து, சீடாகத் திரெட் எண்ணையே 0, 1, 2 என்று கொடுத்தேன். வேறு வேறு சீடுதானே, வேறு வேறு எண் வரும் என்று நினைத்தேன். ஜாவாவின் பழைய ரேண்டம் 48 பிட் கொண்ட ஒரு பெருக்கல் கூட்டல் சூத்திரம். சீடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முதல் எண்ணும் பக்கத்தில்தான் விழும். சீடு 0, 1, 2 மூன்றுக்கும் முதல் தசம எண் 0.73-ஐ ஒட்டியே வருகிறது, யாரும் ஓட்டிப் பார்க்கலாம். என் எல்லாத் திரெட்டும் முதல் அடியை டேபிளின் ஒரே இடத்தில் வைத்தன.

கச்சான், உடனடி ஒட்டுக்கு ரேண்டை இரண்டு தடவை கூப்பிட்டு, ஒன்றை 32,768-ஆல் பெருக்கி மற்றதைக் கூட்டினால் 30 பிட் கிடைக்கும். 20 லட்சத்துக்குப் போதும்.

பனங்கருப்பட்டி | காலை 7:02

வேண்டாம். ஒட்டுப் போட்டால் அந்த ஒட்டை இன்னும் ஐந்து வருடம் யாராவது சுமப்பார்கள். ஜெனரேட்டரையே மாற்றுங்கள், இருபது வரிகூட ஆகாது.

மெர்சென் ட்விஸ்டர் தப்பில்லை தொண்டித் தம்பி. ஆனால் அது 624 சொற்களை, சுமார் இரண்டரை கேபி நிலையை, ஒவ்வொரு திரெட்டிலும் தூக்கிக்கொண்டு திரியும். அந்த நீளச் சுழற்சி நமக்கு எதற்கு? ஒரு சோதனையில் கோடி கோடி எண் எடுத்தாலும் 2-இன் 40-ஆம் அடுக்கைத் தாண்டுவது கஷ்டம். டேட்டாபேஸ்காரர்கள் என்ன எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சிஸ்பெஞ்ச் என்ற சோதனைக் கருவி தன் 1.0 பதிப்பிலிருந்து ஸோரோஷிரோ 128 பிளஸ் என்ற ஜெனரேட்டரை வைத்திருக்கிறது. போஸ்ட்கிரஸ் 14-ஆம் பதிப்பு வரை பழைய 48 பிட் சூத்திரத்தில் இருந்து, 15-இல் ஸோரோஷிரோ 128 ஸ்டார் ஸ்டாருக்கு மாறியது. போஸ்ட்கிரஸோடு வரும் சோதனைக் கருவியான பிஜிபெஞ்ச்சும் அதோடு மாறிவிட்டது. இரண்டும் பிளாக்மன், விக்னா செய்த குடும்பம். நிலை வெறும் 16 பைட்.

ஒரு எச்சரிக்கை. பிளஸ் வகையில் கடைசிப் பிட்டுகள் பலவீனமானவை. ஒற்றையா இரட்டையா என்று கடைசிப் பிட்டை வைத்து 'படிப்பதா எழுதுவதா' என்று முடிவு செய்யாதீர்கள். மேல் பிட்டுகளை எடுங்கள். ஸ்டார் ஸ்டார் வகையில் அந்தத் தொல்லை இல்லை.

சீடுக்கு: ஒரு மூல எண்ணை ஸ்பிளிட்மிக்ஸ் 64 என்ற சின்ன ஜெனரேட்டர் வழியாக ஓட்டி, அதிலிருந்து ஒவ்வொரு திரெட்டுக்கும் நிலையை எடுத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஜெனரேட்டரோடே வரும் ஜம்ப் வசதி இருக்கிறது. ஒரு தடவை கூப்பிட்டால் 2-இன் 64-ஆம் அடுக்கு அளவு அடிகள் முன்னால் போய் நிற்கும். திரெட்டுக்கு ஒரு ஜம்ப் என்றால் யாரும் யார் மேலும் ஏற மாட்டார்கள்.

வேகத்தைப் பற்றி யாராவது பேசுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். வலை வழியே போகும் ஒரு கேள்விக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோவினாடி. ஒரு எண் செய்ய சில நானோவினாடி. இதில் எந்த ஜெனரேட்டர் வேகம் என்று சண்டை போடுவது வீண். ஒரு திரெட் பிடித்திருக்கும்போது மற்றவை காத்திருக்க வேண்டிய பூட்டு மட்டும்தான் விஷயம். லினக்ஸின் சி நூலகமான கிளிப்சியில் ரேண்ட் உள்ளுக்குள் ஒரு பூட்டு எடுக்கிறது. ஜாவாவில் ஒரே ரேண்டமை எல்லாத் திரெட்டும் பகிர்ந்தால் அங்கேயும் மோதல். கோ மொழியின் பழைய பொது ரேண்டமும் அப்படித்தான். வலை இல்லாமல் நிரலுக்குள்ளேயே ஓடும் டேட்டாபேஸைச் சோதிக்கும்போது அந்தப் பூட்டு முடிவையே திருப்பிப் போட்டுவிடும். டேட்டாபேஸ் திணறுகிறது என்று நினைப்போம், திணறுவது நம் சோதனை நிரல்.

தொண்டி_அலை | காலை 7:20

மீதி எடுப்பதே தப்பு, சில எண்கள் கூடுதலாக வரும் என்கிறார்களே அண்ணே?

பனங்கருப்பட்டி | காலை 7:34

உண்மை. ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 32,768 எண்களை 10,000-ஆல் வகுத்தால் 0 முதல் 2,767 வரை நான்கு தடவை வரும், மற்றவை மூன்று தடவை. மூன்றில் ஒரு பங்கு கூடுதல், பெரிய கோணல். அதே நேரம் 32 பிட் எண்ணை 20 லட்சத்தால் வகுத்தால் ஒவ்வொன்றும் 2,147 அல்லது 2,148 தடவை. டேட்டாபேஸ் சோதனையில் அது தெரியவே தெரியாது. 64 பிட் எடுத்தால் மறந்தேவிடலாம். சுத்தமாகச் செய்ய ஆசை என்றால் லெமியர் என்பவரின் பெருக்கல் முறை இருக்கிறது, வகுத்தலும் பெரும்பாலும் மிச்சமாகும்.

கச்சான்காற்று | மறுநாள் இரவு 8:50

ஸோரோஷிரோ ஸ்டார் ஸ்டார் போட்டுவிட்டேன். சீடு ஸ்பிளிட்மிக்ஸ் வழியாக. இப்போது எண்கள் 20 லட்சத்திலும் பரவுகின்றன, திரெட்டுக்குத் திரெட் வேறு. முடிவு நன்றாகக் கீழே வந்துவிட்டது, டிஸ்க் வேலை செய்வது தெரிகிறது.

ஆனால் இன்னும் ஒத்துப்போகவில்லை. சோதனையில் ஒரு ஏலம் பதிவது அரை வினாடிக்குள் முடிகிறது. கரையில் நான்கு வினாடி. அதுவும் எல்லா நாளும் இல்லை, நாட்டுப்படகு நாளில் பிரச்சினையே இல்லை. விசைப்படகு வரும் நாளில் மட்டும்தான்.

கீழக்கரை_காக்கா | இரவு 10:05

தம்பி, அந்தக் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. நான் துபாயில் டேட்டாபேஸ் வேலையில் 14 வருடம் இருந்துவிட்டு ஊர் வந்தவன். பொறுமையாகச் சொல்கிறேன்.

இதுவரை எல்லோரும் பேசியது எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றி. எண் எங்கே விழுகிறது என்பது வேறு கேள்வி. நல்ல ஜெனரேட்டர் எல்லா ரெக்கார்டுக்கும் சம வாய்ப்பு கொடுக்கும். உங்கள் கடலில் அப்படியா நடக்கிறது? வடகடலில் போன படகு எல்லாம் ஒரே கரையில் ஏறுகிறது. இறாலும் நண்டும் கணவாயும் இரண்டு மூன்று பெரிய கடைக்குப் போகிறது. மூக்கையூர்ப் பக்கத்துச் சின்னக் கடைக்கு அன்று நாலு கூடை வரும். உங்கள் நிரலோ எல்லாக் கடையையும் சமமாகத் தேர்ந்தெடுக்கிறது.

டேட்டாபேஸ் உலகத்தில் இது பழைய பாடம். 1992-ல் வந்த டிபிசி-சி சோதனை ஒரு மொத்த வியாபாரக் கிடங்கைப் போலச் செய்வது. அதில் வாடிக்கையாளரையும் பொருளையும் சமமாக எடுக்கக் கூடாது என்று விதியே உண்டு. அதற்கென்று ஒரு சூத்திரம், என்யூரேண்ட் என்பார்கள். இரண்டு ரேண்டம் எண்களை எடுத்து பிட்டுக்குப் பிட்டு 'ஆர்' செய்வது. இரண்டில் ஒன்றில் 1 இருந்தாலும் 1 வருவதால், 1 அதிகம் உள்ள எண்கள் அடிக்கடி விழும். வாடிக்கையாளர் எண்ணுக்கு 1023, பொருளுக்கு 8191 என்று நிலை எண்களும் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மெஷினுக்கு மலிவான வழி.

2010-ல் யாஹூ ஆராய்ச்சிக்காரர்கள் ஒய்சிஎஸ்பி என்ற சோதனையைக் கொண்டுவந்தபோது, சில எண்கள் மிக அடிக்கடியும் மற்றவை அரிதாகவும் விழும் ஜிப்ஃப் பரவலை வைத்தார்கள், நிலை எண் 0.99. அது எவ்வளவு கூர்மை என்று 20 லட்சத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் ரெக்கார்டுக்கு மட்டும் 100-க்கு ஆறு கேள்வி போகும். முதல் நூறு ரெக்கார்டுக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சமப் பரவலில் அந்த நூறுக்கு இருபதாயிரத்தில் ஒன்றுதான்.

இரண்டு பரவலும் ஒரே மெஷினில் இரண்டு வேறு கதை சொல்லும். சமப் பரவல், படித்ததை மெமரியில் வைத்திருக்கும் கேஷைக் கொல்லும், பூட்டு மோதலை மறைக்கும். ஜிப்ஃப் கேஷை மகிழ்விக்கும், பூட்டு மோதலை வெளியே இழுத்துப் போடும். உங்கள் நோய் இரண்டாவது என்று எனக்குப் படுகிறது. 'இன்றைய மொத்தம்' என்று ஒரு வரியைக் கூட்டுகிறேன் என்றீர்களே, அது கடைக்கு ஒரே வரிதானே?

தேவிபட்டினத்துக்காரி | இரவு 10:31

காக்கா சொன்னதோடு ஒட்டி. பிஜிபெஞ்ச்சின் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அதில் டேபிளின் அளவைச் சொல்லும் ஸ்கேல் 1 என்றால் கணக்குகள் ஒரு லட்சம், கிளை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பரிவர்த்தனையும் ஏதோ ஒரு கிளையின் இருப்பை மாற்றும். அதனால் ஸ்கேல், ஒரே நேரத்தில் ஓடும் கிளையண்டுகளின் எண்ணிக்கையாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளப்பது பூட்டுச் சண்டையை மட்டும்தான் என்கிறார்கள். டிபிசி-சியிலும் கிடங்குக்கு ஒரு வருட மொத்த வரி இருக்கிறது, பணம் செலுத்தும் ஒவ்வொரு தடவையும் அது ஏறும். உங்கள் பெரிய கடை அந்த ஒற்றைக் கிளைதான் தம்பி.

கருவியில் உள்ள பரவலையும் கண்மூடி எடுக்காதீர்கள். சிஸ்பெஞ்ச் 1.0-இல் ஒன்றும் சொல்லாவிட்டால் 'ஸ்பெஷல்' என்ற பரவல். 100-க்கு 75 கேள்வி, 100-க்கு ஒரு பங்கு ரெக்கார்டின் மேல் விழும். 10 லட்சம் ரெக்கார்டு டேபிளில் அது 10,000. எவ்வளவோ பேர் இதைத் தெரியாமலே டிஸ்க்கைச் சோதித்ததாக எழுதியிருக்கிறார்கள்.

ஜிப்ஃபிலும் ஒரு கண்ணி. சூடான எண்கள் 1, 2, 3 என்று வரிசையாக வந்தால் எல்லாம் இண்டெக்ஸின் ஒரே பக்கத்தில் அடங்கும். ஒய்சிஎஸ்பி அதற்காகவே எண்ணை ஹாஷ் செய்து சிதறடிக்கிறது. பிஜிபெஞ்ச்சில் பதிப்பு 14-இலிருந்து எண்களைக் கலைத்துப் போடும் பெர்மியூட் இருக்கிறது. உங்களுக்குச் சிதறல் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. படகு எண்களில் சூடு சிதறியிருக்கும். ஏல ரெக்கார்டிலோ இன்றைய ஏலம்தான் சூடு, அது டேபிளின் வால் பக்கத்தில் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கும். ஒய்சிஎஸ்பியில் 'லேட்டஸ்ட்' என்று ஒரு பரவல் இருக்கிறதே, அது படிப்பதற்கு. கடைக்கு மட்டும் தனிப் பரவல்.

பனங்கருப்பட்டி | இரவு 10:50

பரவலைச் சூத்திரத்தில் தேடுவது எதற்கு? ஆறு வருட உண்மைக் கணக்கு கையில் இருக்கிறது. ஒரு விசைப்படகு நாளின் ஏலங்களை அப்படியே எடுத்து, அதே நேர இடைவெளியில் திரும்ப ஓட்டுங்கள். ரேண்டம் எண்ணே வேண்டாம்.

கீழக்கரை_காக்கா | இரவு 11:12

ஓட்டலாம், கண்டிப்பாக ஒரு தடவை ஓட்டவும் வேண்டும். ஆனால் அதோடு நிற்க முடியாது. தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது முடிந்து விசைப்படகுகள் முதல் தடவை கரை வரும் நாளில் வரத்து எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். கடையும் இரண்டு மடங்கானால் என்ன ஆகும் என்று பழைய பதிவு சொல்லாது. சூத்திரத்தில் எண்ணை மாற்றிப் பார்க்கலாம், பழைய நாளை மாற்ற முடியாது. இன்னொன்று, படகுக்காரர் பெயரும் கடனும் உள்ள கணக்கைச் சோதனை மெஷினுக்கு எடுத்துப் போவது எனக்குச் சம்மதமில்லை. கடைவாரியாக, மணிவாரியாக எண்ணிக்கையை மட்டும் எடுங்கள் தம்பி. அதிலிருந்து பரவல் செய்யுங்கள்.

மணியையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் நிரல் ஒரு பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கிறது, இல்லையா? கரையில் யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை. சர்வர் திணறினாலும் படகு வந்துகொண்டுதான் இருக்கும். பிஜிபெஞ்ச்சில் ரேட் என்று ஒரு விருப்பம் உண்டு. ஒன்றுக்கொன்று காத்திராமல் வருபவர்களின் வருகையைக் காட்டும் பாய்சான் பரவல்படி நேரம் குறித்து அனுப்பும், குறித்த நேரத்திலிருந்து எவ்வளவு பின்தங்கினோம் என்றும் சொல்லும். அங்கேயும் ஒரு ரேண்டம் எண் வேலை செய்கிறது பாருங்கள். டிபிசி-சியில் மனிதர் தட்டும் நேரம், யோசிக்கும் நேரம் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு, அதனால் ஒரு கிடங்குக்கு நிமிடத்துக்கு 12.86 புதிய ஆர்டருக்கு மேல் எடுக்கவே முடியாது. அதை வெட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள்தான் அதிகம்.

கச்சான்காற்று | மூன்றாம் நாள் இரவு 9:25

காக்கா, அக்கா, கண்டுபிடித்துவிட்டேன்.

கடைவாரியாக எண்ணிக்கை எடுத்தேன். விசைப்படகு நாளில் பாதிக்கு மேற்பட்ட ஏலம் இரண்டே கடையில். அந்த எண்ணிக்கையை வைத்து ஒரு எடைப் பட்டியல் செய்து, 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு எண் எடுத்து, பட்டியலில் அது எந்தக் கடையில் விழுகிறது என்று பார்த்தேன். படிப்பதற்குக் கடைசி நாட்களின் பக்கம் சாய்ந்த பரவல். நேரமும் பாய்சான்படி. ஓட்டியதும் நான்கு வினாடி அப்படியே வந்தது! திரையில் அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கரையில் பையன் பட்ட பாடு என் மேஜையில் முதல் தடவையாகத் தெரிந்தது.

போஸ்ட்கிரஸின் காத்திருப்புப் பட்டியலைப் பார்த்தேன். எல்லோரும் அந்த இரண்டு கடையின் 'இன்றைய மொத்தம்' வரிக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள். என் பரிவர்த்தனையில் முதல் வேலையே அந்த வரியைக் கூட்டுவதுதான். அதன் பிறகு ஏலத்தை எழுதி, வியாபாரி பாக்கியைத் திருத்தி, அப்புறம்தான் எல்லாவற்றையும் உறுதி செய்யும் கமிட். அதுவரை பூட்டு என் கையில்.

தேவிபட்டினத்துக்காரி | இரவு 9:41

அப்படியானால் முதலில் அந்தக் கூட்டலைப் பரிவர்த்தனையின் கடைசிக்குத் தள்ளுங்கள். பூட்டு பிடித்திருக்கும் நேரம் உடனே குறையும். அதுவும் போதாவிட்டால் அந்த வரியே வேண்டாம், ஏல டேபிளில் கடையும் தேதியும் சேர்ந்த இண்டெக்ஸ் வைத்து கேட்கும்போது கூட்டிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு கடைக்குச் சில நூறு வரிதானே. வேறு வழியில்லை என்றால் மொத்தத்தை எட்டு வரியாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் ரேண்டமாக ஒன்றில் கூட்டுவது.

வாலிநோக்கம்_உப்பு | இரவு 10:02

சோதனை டேபிளை எப்படி நிரப்பினீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. 20 லட்சத்தில் 20 லட்சம் தடவை ரேண்டமாக எண் எடுத்து நிரப்பினால் எல்லா எண்ணும் வராது. 100-க்கு 63 தான் விழும், மிச்சம் 37 எண் காலி. பிறகு ரேண்டமாகப் படித்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 'இல்லை' என்று பதில் வரும், அது வேறு வேகம். ரேண்டமான வரிசை வேண்டும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் என்றால் எண்களைக் கலைத்துப் போட வேண்டும்.

மீன் பெயருக்கு என்ன போட்டீர்கள்?

கச்சான்காற்று | இரவு 10:10

எண் வரிசையாகத்தான் நிரப்பினேன், அது தப்பித்தது. மீன் பெயருக்கு ஏழு ஆங்கில எழுத்தை ரேண்டமாக.

வாலிநோக்கம்_உப்பு | இரவு 10:33

அங்கே நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு தப்பு இருக்கிறது. ஏழு ஆங்கில எழுத்து ஏழு பைட். 'விளமீன்' என்பதில் ஏழு குறியீடுகள், எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21 பைட். வியாபாரி பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் தமிழில் வைத்திருந்தால் உண்மையான ரெக்கார்டு சோதனை ரெக்கார்டைவிட நன்றாகப் பெரிது. ஒரு பக்கத்தில் குறைவாகத்தான் அடங்கும்.

இன்னொன்று, உங்கள் ரேண்டம் பெயர்கள் 20 லட்சமும் கிட்டத்தட்ட வேறு வேறு. உண்மையில் சூடை, காரல், நெத்திலி, சீலா, பாறை, கணவாய் என்று சில டஜன்தான். எந்தப் பெயர் அடிக்கடி வருகிறது என்று போஸ்ட்கிரஸ் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் இண்டெக்ஸ் வழியா முழு டேபிளா என்று முடிவு செய்யும். எல்லாப் பெயரும் தனி என்றால் அது எடுக்கும் பாதையே வேறு. பெயர்ப் பட்டியலை உண்மையாக வையுங்கள், எடையையும் உண்மையாக வையுங்கள்.

தொண்டி_அலை | இரவு 10:45

சீடை ஒரே எண்ணாக வைக்கலாமா, ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டுமா?

கீழக்கரை_காக்கா | இரவு 11:03

நல்ல கேள்வி தம்பி. இரண்டும் வேண்டும், இடம் வேறு. 'கூட்டலைக் கடைசிக்குத் தள்ளினால் என்ன மாறுகிறது' என்று ஒப்பிடும்போது முன்னும் பின்னும் ஒரே சீடு. இரண்டு பக்கமும் ஒரே ஏலங்களைச் சந்திக்க வேண்டும். ஆனால் கேஷைக் காலி செய்யாமல் அதே சீடில் இரண்டாம் தடவை ஓட்டாதீர்கள். முதல் ஓட்டம் தொட்ட பக்கங்கள் எல்லாம் மெமரியில் இருக்கும், இரண்டாவது வேகமாகத் தெரியும், திருத்தம் வேலை செய்தது என்று ஏமாந்துவிடுவீர்கள். போஸ்ட்கிரஸை நிறுத்தி எழுப்பினால் மட்டும் போதாது, லினக்ஸ் தனியாக வைத்திருக்கும் கேஷும் காலியாக வேண்டும். அப்புறம் அதே ஒப்பீட்டை ஐந்தாறு வேறு சீடில் செய்யுங்கள். ஒரு சீடில் மட்டும் தெரியும் முன்னேற்றத்தை நான் நம்ப மாட்டேன். எந்தச் சீடில் ஓட்டினோம் என்பதை முடிவோடு சேர்த்து எழுதி வையுங்கள். பிஜிபெஞ்ச்சில் பதிப்பு 11-இலிருந்து அதற்கு விருப்பமே இருக்கிறது.

கச்சான்காற்று | ஐந்தாம் நாள் பகல் 11:20

பாம்பனிலிருந்து எழுதுகிறேன், கரையிலேயே நிற்கிறேன்.

கூட்டலைக் கடைசிக்குத் தள்ளியதும் சோதனையில் நான்கு வினாடி ஒரு வினாடிக்குக் கீழே வந்தது. ஆறு சீடில் ஓட்டினேன், கேஷைக் காலி செய்து. ஆறிலும் அப்படித்தான். பிறகு மொத்த வரியையே எடுத்துவிட்டு இண்டெக்ஸ் வைத்தேன். தமிழ்ப் பெயர்களோடு டேபிளை மறுபடி நிரப்பி ஓட்டியதில் மெமரி போதவில்லை என்றும் தெரிந்தது, மெஷினை ஒரு படி பெரிதாக எடுத்திருக்கிறேன். பழைய சர்வரின் வாடகைக்கே வந்துவிட்டது, பரவாயில்லை, கடைக்காரரிடம் காரணத்தோடு சொல்லிவிட்டேன்.

இன்று விசைப்படகு நாள். விடியற்காலையிலிருந்து இரண்டு பெரிய கடையிலும் ஏலம் ஓடுகிறது. பையன் தட்டியதும் போய்விடுகிறது, ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சோதனை நிரலைச் சுத்தம் செய்து, கடைப் பெயர்களை எடுத்துவிட்டு, எடைப் பட்டியலோடு இந்த வாரத்துக்குள் இங்கே போடுகிறேன். தொண்டித் தம்பி, தடைக்காலம் முடிந்த முதல் நாளுக்கு வரத்தை இரண்டு மடங்காக்கி ஓட்டும் பகுதியை நீங்கள் எழுதித் தருகிறீர்களா?

தொண்டி_அலை | பகல் 11:52

எழுதுகிறேன் அண்ணே. சீடு எண்ணோடு சேர்த்து அனுப்புகிறேன்.